குலவீரசிங்கத்தின் காலடியில் முப்பது பாகை

1993ஆம் ஆண்டு நவம்பர் 22, திங்கட்கிழமை, அதிகாலை ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருந்தபோது, நோர்வேயின் வடகோடியில் நாற்பத்தொரு தமிழர்கள் மீன் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஹெல்லவோக் என்ற ஊரில், குலவீரசிங்கம் என்பவரின் காலடியில் சூடு வந்து நின்றது. அவர் அப்போது சமையலறையில் பாணுக்கு மாஜரீன் பூசிக்கொண்டிருந்தார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. சூடு ஒரு சுளகின் அளவில் வட்டமாக இருந்தது. அவர் அடுப்படிக்கு நகர்ந்தார், சூடும் நகர்ந்தது. வாசலுக்குப் போய்ச் சப்பாத்தை மாட்டினார், சூடு சப்பாத்துக்குள்ளும் வந்தது. அவர் பாணைத் தின்று முடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு வந்த கவலை வேறு. அதைச் சொல்வதற்கு முதலில் அந்த ஊர்த் தமிழர்கள் வைத்த நேர்த்திக்கடன் பற்றிச் சொல்லவேண்டும்.

ஹெல்லவோக்குக்கு வந்த ஒவ்வொருவரும் இரண்டாவது மாதத்துக்குள், கேட்காமலே கிடைத்த ஏதோ ஒரு சின்னச் சுகத்தில் மனதைப் பறிகொடுத்தார்கள். ஒருவருக்கு அது கோப்பிக்குப் பக்கத்தில் வைக்கப்படும் சீனிக்கட்டி, ஒருவருக்குச் சொன்ன நிமிடத்தில் வந்து நிற்கும் பேருந்தின் ஜன்னலோர இருக்கை, ஒருவருக்குப் புதன்கிழமை இடைவேளையில் தொழிற்சாலை சுட்டுக்கொடுக்கும் வாபில் அப்பம், இன்னொருவருக்கு இயந்திரத்தில் காய்ந்து வரும் துவாயைச் சூடு ஆறுமுன் முகத்தில் ஒற்றிக்கொள்வது. பிறகு ஊரில் விட்டுவந்த மனைவியோ தாயோ பிள்ளையோ நினைவுக்கு வர, அந்தச் சுகத்தைத் தனியே அனுபவிக்க மனம் வரவில்லை. ஆகவே அவர்கள் அதை விட்டார்கள். வரவேண்டியவர் வந்து இறங்கும்வரை தொடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு விட்டார்கள். அதற்கு ஒரேயொரு விதி இருந்தது: ஆகப் பிடித்ததைத்தான் விடவேண்டும், பிடிக்காததை விட்டவனின் நேர்த்தி கணக்கில் வராது. வரவேண்டியவர் கரையோரக் கப்பலில் வந்து துறைமுகத்தில் கால்வைத்ததும், எல்லோரும் பார்த்திருக்க, விட்டவரின் கையில் விட்ட பொருள் திருப்பிக் கொடுக்கப்படும். சீனியை விட்ட ஒருவர் மனைவியின் பெட்டியை வாங்குவதற்கு முன்னரே நான்கு கட்டிகளை வாயில் போட்டுக் கடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

குலவீரசிங்கம் விட்டது குளியலறைத் தரையை. தொழிற்சாலை ஆறு ஆண்களுக்குக் கொடுத்திருந்த மஞ்சள் வீட்டில், குளியலறை ஓடுகளுக்குக் கீழே மின்கம்பி ஓடித் தரையைச் சூடாக்கியது. 1989 டிசம்பரில் வந்த முதல் நாள் காலை, வெறுங்காலோடு உள்ளே போனவர் வெளியே வர அரைமணி நேரம் ஆனது. கல்யாணம் முடித்துப் பதினோராம் நாள் கொழும்புக்கு வண்டி ஏறியவர் அவர். மனைவி புனிதமலர் பருத்தித்துறையிலிருந்து கொழும்பின் கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒரு லொட்ஜில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் விசாவுக்காகக் காத்திருந்தாள். தரையை விடுவதென்று முடிவெடுத்த அன்றே அவர் மீன்பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து குளியலறையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று குளிக்கத் தொடங்கினார்.

"ராசா மேடையிலை ஏறிட்டார், ஆரும் கிட்டப் போகாதேங்கோ" என்பான் அறைத்தோழன் பாலேந்திரா, நான்கு வருடமாக, அநேகமாகத் தினமும்.

இப்போது, நான்கு வருடம் கட்டிக்காத்த நேர்த்தியின் நடுவில், சூடு தானாகவே வந்து காலுக்குக் கீழே நின்றது. நேர்த்தி முறிந்தால் மனைவி வரமாட்டாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் பாலேந்திரா சமையலறையில் முழங்காலில் நின்று தரையைத் தடவிப் பார்த்தான். "மச்சான், நீ அதை விட்டாலும் அது உன்னை விடேல்லையடா" என்றான். பிறகு தன் இரண்டு கால்களையும் குலவீரசிங்கத்தின் கால்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு, "இப்பிடியே நில். அசையாதை. நான் பத்திரிகை வாசிச்சு முடிக்கிறன்" என்றான்.

வெள்ளிக்கிழமை, பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் படம் வைத்துக் கும்பிட்டு முடிந்ததும், விஷயம் சபைக்கு வந்தது. சூடு எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. வந்த சூடு நேர்த்தியை முறிக்குமா என்பதுதான் இரண்டு மணிநேரம் பேசப்பட்டது. கேட்டு வந்ததில்லை, ஆகவே முறியாது என்றார்கள் ஒரு பகுதியினர். அந்த ஊரிலேயே திருத்தமாக நோர்வீஜிய மொழி பேசத் தெரிந்த மங்களநாயகி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் ஈரச் சீமெந்துத் தரையில் நின்று மீன் வெட்டியதில் முழங்கால்கள் இரண்டும் வீங்கிப்போனவர். எந்த விவாதத்தையும் கதிரையில் இருந்தபடியே நடத்துவார்.

"சீனியை விட்டவன்ரை வாயிலை ஆரும் சீனியைத் திணிச்சா, அவன் துப்பவேணும். விழுங்கிப்போட்டு, நான் கேக்கேல்லை எண்டு சொல்லேலாது."

"அக்கா, வாயிலை கிடந்தாத் துப்பலாம். காலுக்குக் கீழை கிடக்கிறதை எப்பிடித் துப்புறது?" என்றான் பாலேந்திரா.

"அப்ப காலைத் தூக்கச் சொல்லு."

இரண்டு நாள் குலவீரசிங்கம் வீட்டில் இருந்த நேரமெல்லாம் காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்திருந்தார். சூடு வாங்குக்கு ஏறி வந்தது. மூன்றாம் நாள் ஒஸ்லோவில் இருந்த ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஐயர் முழுவதையும் கேட்டுவிட்டு, நேர்த்தி எந்தச் சுவாமிக்கு வைத்தது என்று விசாரித்தார். குலவீரசிங்கம் போனை வாங்கினார்.

"சுவாமிக்கு எண்டு சொல்லேல்லை ஐயா. மனுசியை நினைச்சு வைச்சனான்."

"அப்ப இதிலை எனக்கு வேலையில்லைத் தம்பி. மனுசியைத்தான் கேக்கவேணும்" என்று சொல்லி ஐயர் போனை வைத்தார்.

அன்றே குலவீரசிங்கம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். கொழும்புக்குக் கடிதம் போய்ச்சேர மூன்று கிழமை, பதில் வர இன்னும் மூன்று கிழமை. சூரியன் ஏற்கெனவே மறைந்து விட்டிருந்தது. ஹெல்லவோக்கில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை வருவதில்லை.

அந்த ஆறு கிழமைக்குள் ஊர் சூட்டுக்குப் பழகிவிட்டது. தொழிற்சாலையில், வெட்டும் மேசையில் அவருக்கு இருபக்கமும் நின்ற பெண்கள் முறை வைத்து இடம் மாறினார்கள். அவர் அருகே நிலத்தில் வைத்த மீன்பெட்டிகளில் ஐஸ் உருகியதால், மேற்பார்வையாளர் ஒட்வார் அவரை வரிசையின் கடைசிக்கு, பெட்டிகளில் விவரத்துண்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார். ஒட்வார் அறுபது வயதை நெருங்கிய, ஒரு நாளைக்குப் பதினைந்து சொல்லுக்கு மேல் பேசாத மனிதர். மீன் தொழிற்சாலையில் எதற்கும் வெப்பநிலை எழுதிவைக்கவேண்டும்: மீனுக்கு, ஐஸுக்கு, கழுவும் தண்ணீருக்கு, குளிரறைக்கு, காலையும் மாலையும். ஒட்வார் தன் வெப்பமானியைக் குலவீரசிங்கத்தின் சப்பாத்துக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டின் கடைசி நிரலில் 'ஏனையவை' என்பதன் கீழ் 'குலவீரசிங்கம்: 30' என்று எழுதினார். அடுத்த நாளும் எழுதினார். எழுதத் தொடங்கியதை நிறுத்துவது ஒட்வாரின் வழக்கமில்லை.

டிசம்பர் கடைசியில் புனிதமலரின் கடிதம் வந்தது. அவருடைய கேள்வி அவளுக்குப் போய்ச்சேருமுன் அவள் எழுதிப் போட்ட கடிதம் அது.

"இஞ்சை ஒரு விஷயம். போன மாதம் இருபத்திரண்டாம் திகதி காலமை ஒன்பதே கால் இருக்கும், மாடியிலை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான், காலுக்குக் கீழை குளிரத் தொடங்கினது இன்னும் நிக்கேல்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தால் வாற மாதிரிக் குளிர். நான் போற இடமெல்லாம் வருது. பயப்பிடாதேங்கோ, நல்லாத்தான் இருக்கு. எங்கடை அறை தகரத்துக்குக் கீழை எண்டு உங்களுக்குத் தெரியும். இப்ப மத்தியானத்திலை லொட்ஜிலை உள்ள பெண்டுகள் எல்லாம் என்னைச் சுத்தித்தான் இருக்கினம். மல்லிகா அக்கா தண்ணிப் போத்தலை என்ரை காலடியிலை வைச்சுக் குளிராக்கி மற்ற அறைக்காரருக்கும் குடுக்கிறா. ஒருத்தரும் என்னை எழும்ப விடுகினமில்லை. இரண்டாம் திகதி பெரிய மழை பெய்தது, அண்டைக்கு மட்டும் ஒருத்தரும் வரேல்லை."

குலவீரசிங்கம் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். பிறகு தொழிற்சாலைக்குப் போய், ஒட்வாரிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, இரண்டாம் திகதிக்கு எதிரே பார்த்தார். 'குலவீரசிங்கம்: 26' என்று எழுதியிருந்தது. மற்ற நாட்களில் முப்பது, முப்பத்தொன்று.

ஆக அந்தச் சூடு குளியலறையின் சூடு அல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே புனிதமலர் நின்ற இடத்தின் சூடு. இவர் பலகையில் ஏறி நின்று சேர்த்துவைத்த குளிர் அவளிடம் போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் இதைச் சொன்னபோது, மங்களநாயகி அக்கா தன் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "அவன்ரை மனுசியின்ரை சூடு. அதிலை நேர்த்திக்கு என்ன கிடக்கு?" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார்.

அந்த இருட்டு மாதங்களில், வேலை விட்டதும், மஞ்சள் வீட்டின் முன்னறையில் குலவீரசிங்கம் நடுவில் கதிரையில் இருப்பார். தேர்ச்சில்லில் ஆரைகள் மாதிரி அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சோடிக் கால்கள் நீண்டிருக்கும், தமிழ்க் கால்களும், பின்னர் நோர்வேக் கால்களும், ஒட்வாரின் நரைத்த கம்பளிக் காலுறையும். தேநீர் வரும், சண்டை வரும், ஊர்க்கதை வரும். அவர் மூத்திரத்துக்கு எழும்பினால் எல்லோரும் ஒரே குரலில் முனகுவார்கள். "இரடா, பொறுத்துக்கொள், மங்களக்காவின்ரை முழங்கால் இப்பதான் இளகுது" என்பான் பாலேந்திரா.

ஆனால் எல்லோரும் போனபிறகு அவர் கண்டதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்குச் சூடு இரண்டு பாகை ஏறினால், அவள் வெயிலில் கடைக்குப் போகிறாள். சீமெந்து போன்ற ஒரு வழுவழுப்பான சூடு வந்தால் அவள் கோயில் மண்டபத்தில் நிற்கிறாள், அன்று செவ்வாய்க்கிழமை. அவள் படுத்திருக்கும்போது சூடு அகன்று, மெலிந்து, அவருடைய கட்டிலின் நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. பதினொரு நாள் ஒன்றாக வாழ்ந்ததில் அவளுடைய முகத்தைச் சரியாக ஞாபகம் வைக்கக்கூட அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. இப்போது அவளுடைய ஒவ்வொரு நாளையும் காலால் அறிந்திருந்தார்.

1994 ஏப்ரல் 19ஆம் திகதி காலை ஒட்வார் வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். முப்பத்தாறு. பத்து மணிக்கு முப்பத்தெட்டு. குலவீரசிங்கம் துண்டு ஒட்டும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, தொழிற்சாலைத் தொலைபேசியில் லொட்ஜுக்கு எடுத்தார். முகாமையாளர், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், நெருப்புக் காய்ச்சலாம், டொக்டரிடம் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்தது.

அவர் மேலங்கியைக்கூட மாட்டாமல் வெளியே போனார், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார், துறைமுகக் கரையில் முழங்கால்வரை கிடந்த பனிக்குள் இறங்கி நின்றார். தன் காலிலிருந்து குளிர் அவளுக்குப் போகிறதென்றால் போகட்டும். பனி அவரைச் சுற்றி உருகிக் குழியாகியது. அவர் நாலடி தள்ளிப் புதுப் பனிக்குள் போனார், அதுவும் உருகியது. மத்தியானத்துக்குள் கரையோரம் முழுக்க, சட்டி வைத்து எடுத்ததுபோல் வரிசையாகக் குழிகள் கிடந்தன. பாலேந்திரா சவளோடு வந்து குழிகளுக்குள் பனியை அள்ளிப் போட்டான். பிறகு வரிசையாக ஆட்கள் வந்தார்கள், தொழிற்சாலையின் இரண்டாம் நேரக்காரர்களும், தபால் கந்தோரில் இருந்தவளும், தேவாலயத்தில் மணி அடிப்பவரும். அவருடைய தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பனி அள்ளினார்கள். ஒட்வார் கால்மணிக்கொருதரம் குனிந்து வெப்பமானியை வைத்து இலக்கத்தை உரத்துச் சொன்னார். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டரை.

"உன்ரை கால் செத்துப்போகும், ஏறி வாடா" என்று பாலேந்திரா அழுதான்.

"சூடாத்தானே கிடக்கு" என்றார் அவர்.

மூன்று நாள். இடையிடையே ஒரு மணிநேரம் கதிரையைப் பனிக்குள் வைத்து இருத்தி நித்திரை கொள்ளவைத்தார்கள். நாலாம் நாள் விடிய ஒட்வார் 'முப்பது' என்று சொன்னார், பிறகு, அன்றைய பதினைந்து சொற்களையும் தாண்டி, "இனிக் கோப்பி குடிக்கலாம், எல்லோரும் வாருங்கள், வாபிலும் இருக்கிறது" என்றார். மூன்று கிழமை கழித்து வந்த கடிதத்தில் புனிதமலர், காய்ச்சல் நாளில் கிணற்றடியில் இருத்தித் தலையில் தண்ணீர் வார்த்தது போல இருந்தது என்று எழுதியிருந்தாள்.

ஆகஸ்டில், மனைவியின் விசா விண்ணப்பம் பற்றி அரச அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சேர்ந்து வாழ்ந்த காலம் பதினொரு நாள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். விவாகம் பதிந்த கந்தோர் எரிந்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகையால் இந்தக் குடும்ப வாழ்வு தொடர்கிறது என்பதற்கு வேறு ஆதாரம் அனுப்பவும்.

வேறு ஆதாரம் என்று அவரிடம் இருந்தது இரண்டுதான்: அவளுடைய கடிதங்கள், ஒட்வாரின் பதிவேடு. ஒட்வார் எட்டு மாதப் பதிவையும் பிரதி எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் தொழிற்சாலை முத்திரை குத்திக் கொடுத்தார். கடிதங்களை நோர்வீஜிய மொழிக்கு மாற்றவேண்டும். அதை மங்களநாயகி அக்கா பொறுப்பெடுத்தார். முப்பத்திரண்டு கடிதங்கள். செப்டெம்பரில் கொடுத்தார். ஒக்டோபரில் அக்கா, இரண்டு கடிதம் முடிந்துவிட்டது என்றார். நவம்பரில் சூரியன் போனது. முன்னறையில் கால்கள் மறுபடி வட்டமாக நீண்டன. டிசம்பரில் கண் வலி என்றார், ஜனவரியில் அகராதியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்றார். குலவீரசிங்கம் தலையாட்டினார்.

பெப்ரவரி கடைசியில், எல்லோரும் எழுந்து போனபின்பும் அக்கா போகாமல் இருந்தார். காலை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, உந்தக் கடிதங்கள் ஒக்டோபரிலையே முடிஞ்சுது."

அவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார்.

"அவள் வந்திட்டா உது போயிடும். எனக்கு இந்த ஒரு குளிர்காலம் மட்டும் நடந்து திரிய வேணும்போலை கிடந்தது. ஒண்டே ஒண்டு எண்டு நினைச்சன். நான் செய்தது பாவம்தான். ஏசு, என்னை நல்லா ஏசு."

"எனக்குத் தெரியும் அக்கா. உங்கடை மேசையிலை கண்டனான், கட்டி வைச்சிருந்தீங்கள். கார்த்திகை மாதம்."

"கண்டனியே? பின்னை ஏன் கேக்கேல்லை?"

குலவீரசிங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "எனக்கு அவளை உப்பிடித்தான் தெரியும். வாறவளை எனக்குத் தெரியாது அக்கா" என்றார்.

மங்களநாயகி அக்கா கையை ஊன்றி எழுந்தார். அடுத்த நாள் காலை, மார்ச் முதலாம் திகதி, தபால் கந்தோர் திறக்குமுன்பே கட்டோடு வாசலில் நின்றார்.

அலுவலகத்தின் முடிவு ஜூன் மாதம் வந்தது, ஒரு பக்கம். கடிதங்களிலுள்ள திகதிகளும் தொழிற்சாலையின் வெப்பநிலைப் பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாகவும், தம்பதியர் தொடர்ந்து தொடர்பில் இருப்பதற்கு இது போதுமான ஆதாரம் என்றும் அதில் எழுதியிருந்தது. கூடவே திரும்பி வந்த பிரதியில், ஏப்ரல் 19 முதல் 22 வரையான பதிவை யாரோ பென்சிலால் மெல்லக் கோடிட்டிருந்தார்கள்.

1995 செப்டெம்பர் 12, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று நாற்பதுக்குச் சூடு போனது. முன்னறையில் ஒன்பது பேர் கால் நீட்டி இருந்தார்கள். கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டன.

"பிளேன் எழும்பிட்டுது" என்றான் பாலேந்திரா.

ஒட்வார் வெப்பமானியைத் தரையில் வைத்துப் பார்த்து, பதினாறு என்று எழுதி, அந்த நிரலுக்குக் கீழே அளவுகோல் பிடித்து ஒரு கோடு போட்டார். குலவீரசிங்கம் எழுந்து நின்றார், கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தார், பிறகு வலதுபக்கம். மூன்று நாள் அப்படித்தான் வீட்டுக்குள் நடந்து திரிந்தார், பொருளைத் தொலைத்தவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை கப்பலில் புனிதமலர் வந்து இறங்கினாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேலங்கி போட்டிருந்தாள். அவர் நினைத்திருந்ததைவிட உயரம். துறைமுகத்தில் நின்ற முழுச் சனமும் அவளுடைய காலைப் பார்த்தது. குளியலறைத் தரையைத் துறைமுகத்துக்குத் தூக்கிவர வழியில்லாததால், நேர்த்தியை முடிக்க எல்லோரும் மஞ்சள் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஆனால் மூன்று நாள் பயணம் செய்தவள் முதலில் முகம் கழுவவேண்டும் என்றாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். கால்மணி ஆனது, அரைமணி ஆனது. கேத்தில் இரண்டுமுறை கொதித்து ஆறியது. ஒரு மணி இருபது நிமிடத்தில் மங்களநாயகி அக்கா அவரைப் பிடித்துத் தள்ளினார்.

"போய்த் தட்டன்ரா. உன்ரை மனுசிதானே."

தட்டினார். கதவு பூட்டியிருக்கவில்லை. புனிதமலர் மேலங்கிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி இருந்தாள். முகம் அழுத முகம்.

"இஞ்சருங்கோ, உதுதானோ நீங்கள் விட்டது?"

"ஓம்."

"இவ்வளவு வருசமும்?"

"ஐஞ்சே முக்கால்."

"விசரே உங்களுக்கு?" என்றாள் அவள்.

வாசலில் நின்ற சனம் சிரித்தது. உள்ளே போனதும் பழக்கத்தில் பலகைமேல் ஏறி நின்றிருந்த அவர், அதிலிருந்து இறங்கித் தரை ஓட்டில் கால் வைத்தார். இருபத்தாறு பாகை, எல்லா இடமும் ஒரே அளவு, நல்ல சூடு. அது எங்கேயும் போகவில்லை, கடைக்கோ கோயிலுக்கோ.

"எப்பிடி?" என்றாள்.

"நல்லாக் கிடக்கு" என்றார் அவர்.

அந்தக் குளிர்காலம் முன்னறைக்கு ஒருவரும் வரவில்லை. புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லிக்கொண்டார்கள். மற்ற ஐந்து ஆண்களும் வேறு வீடு பார்த்துப் போனார்கள். பாத்திரம் கழுவும்போதும் பாண் வெட்டும்போதும் குலவீரசிங்கத்தின் கால் பக்கத்துத் தரையைத் தடவிப் பார்ப்பதைப் புனிதமலர் கவனித்தாள்.

"என்ன தேடுறியள்?"

"உம்மை."

"நான் இஞ்சைதானே நிக்கிறன்."

"ஓம்" என்றார். பிறகு, இது சொல்லவேண்டியது என்று பட்டதால், காலை ஐந்தரைக்கு ஏறும் இரண்டு பாகையைப் பற்றியும் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றியும் சொன்னார். அவள் கை ஈரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கும் அப்படி இருந்தது என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை. "என்னைச் சுத்தி எப்பவும் பத்துப் பேர் இருப்பினம். இஞ்சை வந்து ஒருத்தரும் பக்கத்திலை வந்து இருக்கேல்லை" என்று மட்டும் சொன்னாள்.

மல்லிகா அக்காவும் அதே அறையில் இருந்த வேறு இரண்டு பெண்களும்கூட நோர்வேக்குத்தான் விண்ணப்பித்திருந்தார்கள். மல்லிகா அக்கா எழுதினாள்: புனிதமலர் வழக்கமாக இருக்கும் இடத்தில் இப்போது ஒரு நிற்கும் மின்விசிறி வாங்கி வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், காற்று வருகிறது, ஆனால் அது கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை. இந்தக் கடிதத்தை வாசித்த அடுத்த நாள் புனிதமலர் மங்களநாயகி அக்காவின் வீட்டுக்குப் போய், முழங்காலுக்குச் சூடு வேண்டுமென்றால் எழுந்து வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து, குளியலறைத் தரையில் இருத்தினாள். கதவைச் சாத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த கிழமை நான்கு பெண்கள் இருந்தார்கள். ஜனவரியில் ஏழு பேர், ஒருவரின் முழங்கால் ஒருவரின் முதுகில் இடிக்க, ஒருத்தி எழும்பினால் எல்லோரும் எழும்பவேண்டிய நெருக்கத்தில். வெளியே சமையலறையில் குலவீரசிங்கம் அவர்களுக்கு ரோல்ஸ் பொரித்தார். உள்ளிருந்து வரும் சிரிப்பில் மனைவியின் சிரிப்பு எதுவென்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது. அதன்பிறகு அவருடைய கால் தேடுவது குறைந்தது, நிற்கவில்லை.

தொழிற்சாலை அந்த வீட்டை அவர்களுக்கு விற்றபோது, குளியலறையை ஐந்து சதுர மீற்றரிலிருந்து பதினெட்டாக்க அனுமதி கேட்டு, புனிதமலர் தன் கையெழுத்தில் நகரசபைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். பயன்பாடு என்ற இடத்தில் 'இருந்து கதைக்க' என்று எழுதினாள். பயன்படுத்துவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். ஹெல்லவோக்கில் அப்போது ஒன்பது தமிழ்ப் பெண்கள்தான் எஞ்சியிருந்தார்கள். நகரசபை எழுதுவினைஞர் தொலைபேசி எடுத்து மற்ற மூவரின் முகவரி கேட்டார். மல்லிகா அக்காவும் மற்ற இருவரும் இன்னும் விசாவுக்குக் காத்திருந்த கொட்டாஞ்சேனை லொட்ஜின் முகவரியை அவள் சொன்னாள்.

1999 நவம்பர் 8, திங்கட்கிழமை, நகரசபை பன்னிரண்டு பேருக்கு அனுமதி கொடுத்தது.